ஜாக் டன் பற்றி என்னிடம் கேளுங்கள்

கேள்வி: பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத்தைப் பிடித்து வந்தவர் என்பதைத் தவிர இவரைப் பற்றி எதுவும் தெரியாது. ஆடவும் செய்தாரா?

பதில்: நன்றாகவே ஆடினார். 1872-ல் பென்சில்வேனியாவில் பிறந்தவர், 1897 முதல் 1904 வரை மேஜர் லீக் (அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டம்). முதலில் பிட்சர் (பந்து எறிபவர்); 1899-ல் புரூக்ளினுக்கு 23 வெற்றி. பந்து எறிந்து கை ஓய்ந்ததும் வீட்டுக்குப் போகாமல் இன்ஃபீல்டுக்கு (பேஸ்களை ஒட்டிய தடுப்பு இடங்கள்) மாறி, மூன்றாம் பேஸ், ஷார்ட்ஸ்டாப், இரண்டாம் பேஸ் என ஆள் இல்லாத இடத்தில் எல்லாம் நின்றார். சின்ன வயதில் ரயில் பெட்டி ஏறி நசுங்கியதில் இடது கையைத் தலைக்கு மேல் தூக்கவே முடியாது, அதை வைத்துக்கொண்டுதான் இவ்வளவும்.

கேள்வி: மேனேஜர் ஆனது எப்போது?

பதில்: 1905, பிராவிடன்ஸ். முதல் வருடமே பட்டம். 1907-ல் பால்டிமோர் ஓரியோல்ஸ் (அப்போது அது மைனர் லீக், அதாவது கீழ்மட்ட லீக் அணி), அப்புறம் அந்த அணியையே விலைக்கு வாங்கிவிட்டார்.

கேள்வி: ரூத்தை விற்றது முட்டாள்தனம் இல்லையா?

பதில்: எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். 1914-ல் 19 வயதுப் பையனைப் பள்ளியிலிருந்து கூட்டி வர, சட்டப்படி கார்டியனாகவே கையெழுத்துப் போட்டவர் டன். ஆனால் அதே வருடம் ஃபெடரல் லீக் என்ற புது லீக் வந்து, அவர் மைதானத்துக்கு எதிர்ச்சாரியிலேயே ஓர் அணியை இறக்கியது. கூட்டமெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. அணி ஜெயித்துக்கொண்டிருந்தும் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை, ஜூலையில் ரூத்தை பாஸ்டனுக்கு விற்றார். நானாக இருந்தாலும் விற்றிருப்பேன்.

கேள்வி: 1919 முதல் 1925 வரை ஓரியோல்ஸுக்குத் தொடர்ந்து ஏழு பட்டம், எப்படி?

பதில்: மேஜர் லீக் அணிகள் குறைந்த விலையில் மைனர் லீக் ஆட்களை எடுத்துக்கொள்ளும் டிராஃப்ட் முறையிலிருந்து அந்தக் காலத்தில் ஓரியோல்ஸ் ஆடிய இன்டர்நேஷனல் லீக் விலகி நின்றது. அதனால் நல்ல ஆளை விற்பதா வேண்டாமா என்பது டன் கையில். பிட்சர் லெஃப்டி குரோவை 1920-ல் வாங்கி, ஐந்து சீசன் வைத்திருந்து, அப்புறம்தான் ஃபிலடெல்பியாவுக்கு 1,00,600 டாலருக்குக் கொடுத்தார். குரோவுக்கு அந்த வருடங்கள் வீண்தானே என்று கேட்டால், ஆமாம், அது நியாயமான புகார்.

கேள்வி: எப்படி இறந்தார்?

பதில்: 1928 அக்டோபரில், குதிரை மேல் இருக்கும்போது மாரடைப்பு. வயது 56. அதற்கு ஐந்து வருடம் முன்பே மகன் நிமோனியாவில் போய்விட்டார்.

கேள்வி: இன்றைய ஓரியோல்ஸுக்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: அணி வேறு, அது செயின்ட் லூயிஸிலிருந்து 1954 சீசனுக்கு வந்தது. ஆனால் பழைய அணி அதுவரை டன் குடும்பத்திடம்தான் இருந்தது. டன்னின் பேரன், ஓரியோல்ஸ் என்ற பெயரையும் கொடுத்துவிட்டுப் புது அணியின் நிர்வாகத்தில் வேலைக்கும் சேர்ந்துகொண்டார்.