படைத்தளம் விரிவடையும்போது ஊர் எதை எப்போது கட்ட வேண்டும்?

கேள்வி: எங்கள் நகரை ஒட்டியுள்ள ராணுவத் தளத்துக்குப் புதிய படைப்பிரிவு ஒன்று வரப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். குடும்பங்களையும் சேர்த்தால் சில ஆண்டுகளில் எங்கள் மக்கள்தொகை கால் பங்கு கூடிவிடும் என்கிறார்கள். இப்போதே கடன் வாங்கிச் சாலை, குடிநீர், பள்ளி எல்லாவற்றையும் தொடங்கிவிட வேண்டும் என்று நகர்மன்றத்தில் ஒரு சாரார் சொல்கிறார்கள். ஆட்கள் வந்து சேரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு சாராரின் வாதம். திட்டக் குழுவில் இருக்கும் நான் எந்தப் பக்கம் பேசுவது?
– நகர்மன்ற உறுப்பினர் ஒருவர்

பதில்:

அன்புள்ள உறுப்பினருக்கு,

இரண்டு சாராரும் ஒரே எண்ணை நம்பிக்கொண்டு வாதாடுகிறார்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அதுதான். அறிவிப்பில் வரும் எண், ஆட்கள் வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் மாறிவிடுகிறது. படையினர், குடும்பத்தினர் என்று எல்லா வகை எண்களும் ஒரே அளவில் மாறுவதும் இல்லை.

பசிபிக் கடலில் அமெரிக்காவின் ஆளுகையில் உள்ள குவாம் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் ஒகினாவா தீவிலிருந்து சுமார் 8,000 அமெரிக்க மரைன் படையினரையும் அவர்களைச் சார்ந்த சுமார் 9,000 பேரையும் அங்கே மாற்றுவதென்று 2006-ல் அமெரிக்காவும் ஜப்பானும் ஒப்புக்கொண்டன. 2012-ல் திட்டம் திருத்தப்பட்டு, சுமார் 5,000 படையினர், 1,300 குடும்பத்தினர் என்று சுருங்கியது. படையினர் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. குடும்பத்தினர் எண்ணிக்கையோ ஏழில் ஒரு பங்காகிவிட்டது. முதல் எண்ணை நம்பிப் பள்ளி கட்டியிருந்தால் வகுப்பறைகளில் பெரும்பகுதி காலியாகக் கிடந்திருக்கும். குடிநீர்க் குழாய் போட்டிருந்தால் அந்த அளவுக்கு வீணாகியிருக்காது. ஆகவே “எத்தனை பேர்” என்ற ஒரு கேள்வியோடு நின்றுவிடாமல், அவர்களில் எத்தனை பேர் குடும்பத்தோடு நிரந்தரமாக வருகிறார்கள், எத்தனை பேர் சுழற்சி முறையில் சில மாதங்களுக்குத் தனியாக வந்து போகிறார்கள் என்று தளத்திடம் எழுத்தில் கேளுங்கள். பள்ளியின் அளவு அந்தப் பதிலைப் பொறுத்தது.

அதே குவாமில் இன்னொரு பாடமும் இருக்கிறது. இந்த இடமாற்றத்துக்கான 2010-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிக்கை, கட்டுமானம் உச்சத்தில் இருக்கும் ஆண்டில் சுமார் 79,000 பேர் கூடுதலாக இருப்பார்கள் என்றும், பணி முடிந்தபின் அது சுமார் 33,600-ஆகக் குறையும் என்றும் கணக்கிட்டது. படையினருக்கு முன்பாகவே கட்டடத் தொழிலாளர்களும், அவர்களை நம்பிக் கடை வைப்பவர்களும், வேலை தேடி வருபவர்களும் வந்துவிடுகிறார்கள். ஊரின் தண்ணீரும் கழிவுநீர் நிலையமும் முதலில் திணறப்போவது அவர்கள் வரும் ஆண்டுகளில்தான். அந்த அறிக்கையின் வரைவுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2010 பிப்ரவரியில் மிகக் கடுமையான மதிப்பீட்டைக் கொடுத்ததற்குத் தண்ணீரும் கழிவுநீரும் முக்கியக் காரணங்கள். அதன்பின் எடுக்கப்பட்ட முடிவில் ஒரு நல்ல ஏற்பாடு இடம்பெற்றது: தீவின் வசதிகள் தாங்காத நிலை வந்தால் கட்டுமானத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டும். உங்கள் ஊருக்கும் இந்த நிபந்தனையைக் கேட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால், நிதி உதவியை விடவும் பெரிய பாதுகாப்பு இது.

இனி முதல் சாராரின் யோசனைக்கு வருகிறேன். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஃபோர்ட் ரைலி தளத்துக்கு 2006-ல் முதலாம் காலாட்படை டிவிஷன் ஜெர்மனியிலிருந்து திரும்பியது. பக்கத்து நகரமான ஜங்ஷன் சிட்டி, புதிய குடியிருப்பு மனைகளுக்குச் சாலையும் சாக்கடையும் அமைக்கப் பெரும் கடன் வாங்கியது. எதிர்பார்த்த அளவுக்கு வீடுகள் எழவில்லை. மனைகள் காலியாகக் கிடக்க, கடன் நகராட்சியின் தலையில் விழுந்தது. படையினர் வராமல் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். வந்தார்கள்; ஆனால் எங்கே குடியிருப்பார்கள் என்ற கணிப்புதான் தவறிப்போனது. தளத்துக்குள் ஒரு பகுதியினர், பக்கத்து ஊர்களில் இன்னொரு பகுதியினர் என்று அவர்கள் சிதறிவிடுவார்கள். இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில், ஜெர்மனியிலிருந்து திரும்பிய படையினரின் குடும்பங்களுக்காக 917 வீடுகள் கட்டியபோது, லார்க்ஹில்லில் 444, லட்கர்ஷாலில் 246, புல்ஃபோர்டில் 227 என்று இடவாரியாகப் பிரித்தே திட்டமிட்டார்கள். மொத்தக் கணக்கு இப்படி ஊர்வாரியாகப் பிரிந்தால்தான் எந்தப் பள்ளிக்கு எத்தனை வகுப்பறை, எந்தச் சாலைக்கு எத்தனை வண்டி என்று யாராலும் சொல்ல முடியும்.

இரண்டாம் சாராரின் யோசனையும் ஆபத்தானதே. அமெரிக்காவில் 2005-ம் ஆண்டின் தள மறுசீரமைப்பின்படி, வர்ஜீனியாவின் அலெக்ஸாண்ட்ரியா நகரில் மார்க் சென்டர் என்ற வளாகத்துக்குப் பாதுகாப்புத் துறை ஊழியர்கள் சுமார் 6,400 பேர் மாற்றப்பட்டார்கள். மெட்ரோ நிலையம் பக்கத்தில் இல்லாத இடம் அது. ஏற்கெனவே நெரியும் நெடுஞ்சாலையை ஒட்டியது. 2011 செப்டம்பர் 15-க்குள் இடமாற்றம் முடிய வேண்டும் என்று சட்டம் கெடு வைத்திருந்தது. ஆனால் ஒரு சாலைப் பணிக்குத் திட்டமிடல், நிலமெடுப்பு, கட்டுமானம் என்று அதைவிட நீண்ட காலம் பிடிக்கும். தளத்துக்கான சாலைகளுக்கு உதவும் அமெரிக்க ராணுவ நிதித் திட்டமோ, போக்குவரத்து இரட்டிப்பாக வேண்டும் என்ற அளவுகோலை வைத்திருந்தது. நெரிசல் மிகுந்த நகரச் சாலையில் வண்டிகள் இரட்டிப்பாகவே முடியாது. அதற்கு முன்பே சாலை நின்றுவிடும். எனவே உதவி மிகத் தேவையான இடங்களுக்கே அது கிடைப்பது கடினமாக இருந்தது.

ஒரு விடிகாலையில் தளத்தின் வாசலுக்கு நீங்களே போய் நில்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். காவலர் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி, கண்ணாடியை இறக்கச் சொல்லி, அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துத் திருப்பித் தருகிறார். வண்டிக்குப் பத்து விநாடி என்று வைத்தாலும் ஒரு தடத்தில் மணிக்கு 360 வண்டிகளுக்கு மேல் உள்ளே போக முடியாது. காலை உடற்பயிற்சிக்காக எல்லாரும் ஒரே நேரத்தில் வருவதால், மிச்ச வண்டிகள் உங்கள் நகரச் சாலையில் வரிசை கட்டி நிற்கும். இதற்குச் சாலையை அகலப்படுத்துவது மருந்தாகாது. இன்னொரு வாசலைத் திறப்பதும், பிரிவுகளுக்குப் பணி நேரத்தை மாற்றி வைப்பதும் செலவு குறைந்த வழிகள். அவை தளத் தளபதியின் கையில் உள்ளவை; நகர்மன்றத் தீர்மானத்தால் வராதவை.

வீடுகளைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் ராணுவக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தளத்துக்கு வெளியேதான் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு வாடகைப் படி கிடைக்கிறது. வீடுகள் போதாத ஊரில், வீட்டு உரிமையாளர் அந்தப் படியின் அளவுக்கு வாடகையை ஏற்றிவிடுகிறார். படி இல்லாத கடைச் சிப்பந்தியும் பள்ளி உதவியாளரும் மருத்துவமனைத் துப்புரவாளரும் ஊருக்கு வெளியே தள்ளப்படுகிறார்கள். புதிதாக வருபவர்களுக்குச் சேவை செய்ய வேண்டியவர்களே இவர்கள். ஆகவே தனிவீட்டு மனைகளை மட்டும் அனுமதித்துக்கொண்டிராமல், நகர மையத்தில் சிறு வாடகை வீடுகளுக்கும் இடம் கொடுங்கள். படைப்பிரிவு பல மாதங்கள் வெளிநாட்டுப் பணிக்குப் போய்விடும் காலத்தில், குடும்பங்கள் பெற்றோர் வீடுகளுக்குத் திரும்பிவிடுவதுண்டு. அப்போது காலியாகும் வீடுகளையும் இறங்கும் கடை வருமானத்தையும் உங்கள் வரவுசெலவுக் கணக்கு தாங்க வேண்டும்.

பள்ளிகளின் சிக்கல் பணம் வரும் நேரத்தில் இருக்கிறது. ராணுவ நிலத்துக்குச் சொத்துவரி கிடையாது. அந்த இழப்பை ஈடுகட்ட அமெரிக்காவில் 1950 முதல் ஓர் உதவித் திட்டம் இருந்தாலும், பிள்ளைகள் சேர்ந்து எண்ணப்பட்ட பிறகே அந்தப் பணம் வரும். வகுப்பறையோ அவர்கள் வருவதற்கு முன் தேவை. அதனால் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு இடம் மாற்றக்கூடிய வகுப்பறைகளை வைத்துச் சமாளித்து, பதிவான மாணவர் எண்ணிக்கை நிலைத்த பிறகு நிரந்தரக் கட்டடத்துக்குப் போவதே சரி என்பது என் முடிவு. நிலத்தை மட்டும் இப்போதே ஒதுக்கிவிடுங்கள்; பிறகு கிடைக்காது.

துப்பாக்கிச் சுடுதளத்தையும் ஓடுபாதையையும் ஒட்டிய நிலத்தில் வீடுகளை அனுமதிக்காதீர்கள். சராசரி இரைச்சல் 65 டெசிபலைத் தாண்டும் பகுதி குடியிருப்புக்கு உகந்ததல்ல என்பதே அமெரிக்க ராணுவ விமானத் தளங்களின் வழிகாட்டு அளவு.

இத்தனையையும் உங்கள் நகர்மன்றம் தனியாகச் செய்ய முடியாது. வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக் தளம் வளர்ந்தபோது, சுற்றியிருந்த 11 கவுண்டிகள் (நம் மாவட்டங்களைப் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) ஒரே வட்டார அமைப்பாகச் சேர்ந்து திட்டமிட்டன. நியூயார்க் மாநிலத்தின் ஃபோர்ட் டிரம் தளத்துக்குள் மருத்துவமனையே கிடையாது. படையினரும் குடும்பத்தினரும் ஊர் மருத்துவமனைகளுக்கே போகிறார்கள். அதற்காகத் தளமும் ஊர்களும் சேர்ந்த வட்டாரச் சுகாதாரத் திட்டமிடல் அமைப்பு ஒன்று 2005-லிருந்து இயங்குகிறது. ராணுவத்துக்கெனக் கூடும் மகப்பேறு மருத்துவரும் அவசர சிகிச்சைப் பிரிவும் உள்ளூர் மக்களுக்கும் பயன்படும் ஏற்பாடு அது.

எனவே அடுத்த கூட்டத்தில் எந்தப் பக்கமும் பேசாமல், ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். தண்ணீர், கழிவுநீர், நில ஒதுக்கீடு ஆகிய மூன்றும் இப்போதே தொடங்கட்டும். கட்டடங்களுக்கான கடன், ஆண்டுதோறும் தளம் எழுத்தில் தரும் வருகைக் கணக்கைப் பார்த்துத் தவணை தவணையாக வாங்கப்படட்டும். அந்தக் கணக்கைத் தரும் பொறுப்புள்ள அதிகாரி யார் என்று தளபதிக்கு எழுதும் கடிதத்தை, கூட்டத்துக்கு முன்பே பக்கத்து ஊர்த் தலைவர்களிடமும் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.