நகராட்சி ஊழியர்கள் மூடாமல் போன குழியில் விழுந்து அடிபட்டால் இழப்பீடு கிடைக்குமா?

உங்கள் கேள்வியின் சாரம் இதுதான்: குடிநீர்க் குழாயின் வால்வைச் சரிசெய்ய வந்த நகராட்சி ஊழியர்கள் அந்த வால்வு இருக்கும் நிலத்தடித் தொட்டியின் மூடியைத் திரும்பப் போடாமல் போய்விட்டார்கள், விடியற்காலையில் பூ எடுக்கச் சந்தைக்குக் கிளம்பிய உங்கள் அம்மா அதில் விழுந்து, தொடை எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார், அலுவலகத்தில் போய்க் கேட்டதற்கு, அது ஒப்பந்ததாரர் செய்த வேலை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்தி வரும் வழக்கறிஞன் என்ற முறையில் எழுதுகிறேன். நகராட்சியிடம் இழப்பீடு கேட்க உங்கள் அம்மாவுக்கு உரிமை உண்டு. அந்த உரிமை பணமாகக் கைக்கு வருமா என்பது, தொட்டியைத் திறந்தது யார், அது திறந்து கிடந்தது யாருக்குத் தெரியும் என்பதற்கான ஆவணங்கள் மறைவதற்குள் உங்கள் கைக்கு வருமா என்பதைப் பொறுத்திருக்கிறது.

சட்டம் பெரும்பாலும் உங்கள் பக்கமே இருக்கிறது. உதய்ப்பூர் ஆட்சியரின் ஜீப்பைப் பழுதுபார்த்த இடத்திலிருந்து ஓட்டி வந்த அரசு ஓட்டுநர் ஒரு பாதசாரியை மோதிக் கொன்ற வழக்கில், ஊழியரின் கவனக்குறைவுக்குத் தனியார் முதலாளியைப் போலவே அரசும் பொறுப்பாகும் என்று 1962இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தில்லி சாந்தினி சௌக்கின் மணிக்கூண்டு இடிந்து விழுந்து பலர் இறந்த வழக்கில், 1966இல் அதே நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. சுமார் 80 ஆண்டுப் பழமையான அந்தக் கட்டடத்தில் பயன்படுத்தியிருந்த சாந்தின் ஆயுளே 40, 45 ஆண்டுகள்தான் என்று சாட்சியம் வந்தது. பொதுவழியை ஒட்டிய கட்டடத்தைப் பரிசோதித்துப் பாதுகாப்பாக வைத்திருப்பது அதன் உரிமையாளரான உள்ளாட்சி அமைப்பின் கடமை என்றும், அது சரிந்ததே கவனக்குறைவுக்குச் சான்று என்றும் நீதிமன்றம் கூறியது. இதற்கு மாறான தீர்ப்பும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ராஜ்கோட்டில் சாலையோர மரம் விழுந்து நடந்து சென்றவர் இறந்த வழக்கில், 1997இல் மாநகராட்சிக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக் காட்டுவார். தானாக விழுந்த மரமும் ஊழியர் கையால் திறந்து விடப்பட்ட தொட்டியும் ஒன்றல்ல என்று காட்டுவதற்குத்தான் ஆவணங்கள் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் நடத்திய ஒரு வழக்கில், பள்ளம் இருந்ததே தெரியாது என்று நகராட்சி எதிருரை தாக்கல் செய்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி வாங்கிய புகார்ப் பதிவேட்டின் நகலில், விபத்துக்கு முந்தைய வாரமே அதே தெருவைச் சேர்ந்தவர் தொலைபேசியில் சொன்ன புகார் நீல மையில் எழுதியிருந்தது. எதிரே ‘ஃபிட்டரிடம் சொல்லப்பட்டது’ என்ற குறிப்பும் சுருக்கொப்பமும் இருந்தன. குறுக்கு விசாரணையில் அந்தப் பக்கத்தை உதவிப் பொறியாளரிடம் காட்டியபோது, அவரால் அதை மறுக்க முடியவில்லை. ஆகவே 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு இன்றே மனு எழுதுங்கள். விபத்துக்கு முந்தைய இரண்டு மாதங்களுக்கான புகார்ப் பதிவேடு, அந்தத் தெருவில் நடந்த வேலைக்கான பணி ஆணை, ஒப்பந்தத்தின் நகல், செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், அன்று பணியில் இருந்த ஊழியர்களின் வருகைப் பதிவு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

மருத்துவமனையில் சேர்த்தபோது எழுதிய விபத்துப் பதிவேட்டின் நகலை, அதாவது ஏ.ஆர். காப்பியை, உடனே வாங்கிப் படித்துப் பாருங்கள். பதற்றத்தில் யாரோ ‘வழுக்கி விழுந்தார்’ என்று சொல்லியிருந்தால் அந்த ஒரு வரியே வழக்கைக் குலைத்துவிடும். அப்படி இருந்தால் நடந்ததை விவரித்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதாவது பெற்றுக்கொள்ளுங்கள். தொட்டியை அவர்கள் இந்நேரம் மூடியிருக்கக்கூடும். திறந்து கிடந்தபோது அக்கம்பக்கத்தார் எடுத்த புகைப்படங்களை, அழிக்காமல் அசலாகவே அந்தக் கைபேசியில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

ஒப்பந்ததாரர் என்ற பதிலுக்கு நீங்கள் பின்வாங்க வேண்டாம். பொதுவழியைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் கடமையை நகராட்சி ஒரு ஒப்பந்தத்தின் மூலம் கைமாற்றிவிட முடியாது. பணத்தை ஒப்பந்ததாரரிடம் திரும்ப வசூலிப்பது அவர்களுக்குள் உள்ள விவகாரம். வழக்கில் இருவரையுமே எதிர்மனுதாரர்களாகச் சேர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிக்கப் பார்ப்பார்.

அடுத்தது காலக்கெடு. உள்ளாட்சி அமைப்பின் மீது வழக்குப் போடுமுன் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பி இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்பதும், வழக்கையும் குறுகிய காலத்துக்குள் போட்டுவிட வேண்டும் என்பதும் உள்ளாட்சிச் சட்டங்களில் நெடுங்காலமாக இருந்து வரும் நிபந்தனைகள். சட்டப்படியான கடமையைச் செய்ததால் அல்லது செய்யத் தவறியதால் நேர்ந்த இழப்புக்குப் பொதுவான காலவரையறைச் சட்டமே ஓராண்டுதான் தருகிறது. என் கட்சிக்காரர்களிடம் நான் ஆறு மாதத்தையே கடைசி எல்லையாகச் சொல்கிறேன். எனவே ஆணையாளரின் பதவிப் பெயருக்கு, நடந்த நாள், நேரம், இடம், காயம், கேட்கும் தொகை எல்லாவற்றையும் குறிப்பிட்டு வக்கீல் நோட்டீஸை ஒப்புகையுடன் இந்த மாதமே அனுப்பிவிடுங்கள்.

தொகையைப் பற்றி நீங்கள் கேட்டதில் ஒரு கவலை தெரிந்தது: அம்மாவுக்குச் சம்பளச் சான்று எதுவும் இல்லையே என்கிறீர்கள். விபத்தில் காலை இழந்த ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில், அமைப்புசாராத் தொழில் செய்பவரிடம் வருமான ஆவணம் எதிர்பார்ப்பது நியாயமல்ல என்று கூறி, மாதம் 6,500 ரூபாய் வருமானத்தை உச்ச நீதிமன்றம் 2014இல் ஏற்றுக்கொண்டது. அது வாகன விபத்து வழக்குதான் என்றாலும், அந்த நியாயம் பூக்கட்டிப் பிழைக்கும் பெண்ணுக்கும் பொருந்தும். மொத்தக் கடைக்காரர் தரும் துண்டுச் சீட்டுகள் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். எலும்பு கூடிய பிறகு மருத்துவக் குழுவிடம் ஊனச் சதவீதச் சான்று வாங்குங்கள்.

எங்கே போவது என்றால், உங்கள் மாவட்டத்தில் நிரந்தர மக்கள் நீதிமன்றம் இயங்குகிறதா என்று முதலில் விசாரியுங்கள். குடிநீர் வழங்கல் பொதுப் பயன்பாட்டுச் சேவை என்பதால் இந்தத் தகராறை அது ஏற்க இடமுண்டு, கட்டணம் கிடையாது, சமரசம் எட்டாவிட்டால் தானே தீர்ப்பும் சொல்லும். வேறு நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட பிறகு அங்கே போக முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும் போடலாம். ஆனால் யார் திறந்தது என்பதே தகராறாக இருந்தால், சாட்சி விசாரணைக்காக உரிமையியல் நீதிமன்றத்துக்கே அனுப்பிவிடுவார்கள். செலவை நினைத்து அஞ்ச வேண்டாம். பெண் என்பதால், வருமான வரம்பு பார்க்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு உங்கள் அம்மாவுக்கு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரும். அதன் அலுவலகம் பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும்.

இதற்கிடையில் யாராவது ஒரு சிறு தொகையோடு மருத்துவமனைக்கு வந்து கையெழுத்தோ கைநாட்டோ கேட்டால், அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்கள் வக்கீல் படித்துச் சொல்லும்வரை அம்மாவைக் கையெழுத்திட விடாதீர்கள்.