காதால் பிடித்த வழி

அன்புள்ள ஆசிரியருக்கு,

1930களின் அமெரிக்கத் தபால் விமானிகள் மேகத்துக்குள் "காதை நம்பிப் பறந்தார்கள்" என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். தரையிலிருந்து யாராவது வழி சொல்லிக்கொண்டே இருப்பார்களா? இல்லை, அது வெறும் அலங்கார வரியா?

வாசகர், நாகர்கோவில்

அன்புள்ள நண்பருக்கு,

அலங்காரம் இல்லை, வழி சொல்ல ஆளும் இல்லை. ஹெட்போனில் கேட்டது மோர்ஸ் ஒலிதான். தரையிலிருந்த ரேடியோ நிலையம் தன்னைச் சுற்றிய வானை நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பகுதிகளுக்கு ஆங்கில 'ஏ' எழுத்தையும் மற்ற இரண்டுக்கு 'என்' எழுத்தையும் அனுப்பியது. மோர்ஸில் 'ஏ' என்பது ஒரு குட்டை ஒலி, பிறகு ஒரு நீள ஒலி. 'என்' என்பது முதலில் நீள ஒலி, பிறகு குட்டை ஒலி. இரண்டும் சம வலுவில் சேரும் எல்லைக்கோட்டில் ஒன்றின் இடைவெளியை மற்றது நிரப்பிவிடும். அறுபடாத ரீங்காரம் கேட்கும். அதுதான் பாதை. சுமார் 3 டிகிரி அகலம். நிலையத்தின் நேர் மேலே வந்ததும் ஒலி சட்டென்று அடங்கிவிடும். அந்த இடத்துக்கு மௌனக் கூம்பு என்று பெயர்.

வழி தவறியவர் பாடுதான் திண்டாட்டம். 'ஏ' கேட்கிறது, சரி. எந்தப் பக்கத்து 'ஏ'? ஒரே திசையில் பறந்து, ஒலி கூடுகிறதா தேய்கிறதா என்று கவனிக்க வேண்டும். அதற்காக ஒலியளவைக் கேட்டும் கேட்காத அளவுக்குக் குறைத்துக்கொள்வார்கள். உரக்க வைத்தால் சிறு மாற்றம் காதுக்குப் பிடிபடாது. ஒலியளவைத் தானே சமன்செய்யும் ரிசீவர்கள் பிறகு வந்தன. இந்த வேலைக்கு அவை உபத்திரவம்: நிலையத்தை விட்டு விலகிப் போனாலும் ஒலி குறையாது. அந்த வசதியை அணைத்துவிட்டுத்தான் தேட வேண்டும்.

இரவில் பாதைகளே இடம் மாறித் தோன்றிய கோளாறு, செங்குத்துக் கோபுரங்களைக் கொண்ட ஆட்காக் ஆன்டெனா வந்தபின் பெரும்பாலும் தீர்ந்தது. மழைக்காலத் தொல்லை மட்டும் தீரவில்லை. மின்னல் ஒவ்வொன்றும் ஹெட்போனில் படபடக்கும். அதைவிட மோசம், மழைத்துளியும் பனித்துகளும் உலோக உடலில் மோதி விமானத்திலேயே மின்னேற்றம் சேர்வது. அது கூர்முனைகள் வழியே கசியும்போது எழும் இரைச்சலில் 'ஏ'யும் 'என்'னும் மூழ்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாத, காது மட்டுமே துணையான நேரத்தில்தான் இதுவும் நடக்கும்! பிற்பாடு, இந்த இரைச்சல் அதிகம் தொடாத வி.எச்.எஃப். என்ற மிக உயர் அதிர்வெண் ரேடியோ அலைகளுக்கு மாறினார்கள்.

அடுத்த முறை ஜன்னல் இருக்கை கிடைத்தால் இறக்கையின் பின்விளிம்பைப் பாருங்கள். மெல்லிய குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஏதோ கழன்று தொங்குகிறது என்று முதலில் நான் பயந்தேன். மின்னேற்றத்தைச் சத்தமில்லாமல் காற்றில் இறக்கிவிடத்தான் அவை.