வாக்கி-டாக்கியில் கணினி வழியாகச் சேனல் ஏற்றுதல்: கேள்வி-பதில்

கேள்வி: பாவ்ஃபெங் யுவி-5ஆர் செட்டும் கேபிளும் வாங்கினேன். சேனல்களை (செட்டில் சேமித்து வைக்கும் அதிர்வெண்களை) கணினியில் எழுதி ஏற்ற உதவும் சிர்ப் மென்பொருளில் ‘டவுன்லோட் ஃப்ரம் ரேடியோ’ கொடுத்தால், ரேடியோ பதில் தரவில்லை என்றே வருகிறது. செட் பழுதா?

செட்டின் மேல் பழி போடுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். செட்டின் பக்கவாட்டில் 3.5 மி.மீ., 2.5 மி.மீ. என இரண்டு துளைகள் இருக்கும். கேபிளின் இரண்டு பின்களும் அடிவரை இறங்க வேண்டும். உட்கார்ந்துவிட்டது போலத் தெரிந்தாலும் ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்பதுண்டு. பின்னைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறை செட்டின் உடம்பில் முட்டிக்கொள்வதால் வரும் வினை இது. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே ஒருமுறை முயன்று பாருங்கள். அப்போது மட்டும் வேலை செய்கிறது என்றால், உறையின் விளிம்பைக் கூரான கத்தியால் கொஞ்சம் சீவிவிட்டால் போதும்.

வரிசையும் முக்கியம். செட்டை அணைத்து, கேபிளைச் செருகி, அதன் பிறகு ஆன் செய்து, யாரும் பேசாத ஓர் அதிர்வெண்ணில் வையுங்கள். சிர்ப் கேட்கும் போர்ட் எது என்று தெரியாவிட்டால், டிவைஸ் மேனேஜரில் ‘போர்ட்ஸ்’ பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு கேபிளைக் கணினியிலிருந்து உருவுங்கள். பட்டியலில் எந்த ‘காம்’ எண் மறைகிறதோ அதுதான்.

எந்த எண்ணும் மறையவில்லை, அல்லது மஞ்சள் முக்கோணம் நிற்கிறது என்றால் டிரைவர் சிக்கல். மலிவான கேபிள்களில், யூஎஸ்பியைச் செட்டுக்குப் புரியும்படி மாற்றும் புரொலிஃபிக் நிறுவனத்தின் பிஎல்2303 சில்லின் போலிகள் நிறைய. அந்நிறுவனத்தின் புதிய டிரைவர் போலியை அடையாளம் கண்டு மறுத்துவிடும். ‘கோட் 10’ பிழை வருவது அதனால்தான். ‘அப்டேட் டிரைவர்’ போய், கணினியில் உள்ள பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்ற வழியில் 3.2.0.0 போன்ற பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் போலியும் ஓடும். ஆனால் விண்டோஸ் தானாக மறுபடி புதியதை ஏற்றிவிடும். இன்றைக்கு ஓடிய கேபிள் அடுத்த மாதம் ஊமையாவது அப்படித்தான். இந்த மல்லுக்கட்டே வேண்டாம் என்றால் எஃப்டிடிஐ என்ற நிறுவனத்தின் சில் வைத்த கேபிளை வாங்குங்கள். விலை கூடுதல், தலைவலி குறைவு.

இன்னொன்று: சில புதிய செட்களில் இருக்கும் டைப்-சி துளை மின்னேற்றத்துக்கு மட்டுமே. அதில் தரவு போகாது.

கேள்வி: புது செட்தானே, நேராக என் சேனல் பட்டியலை ஏற்றிவிடலாமா? நண்பர் தன் கோப்பைத் தருகிறேன் என்கிறார்.

கூடாது. முதலில் உங்கள் செட்டிலிருந்து படியுங்கள் (‘டவுன்லோட் ஃப்ரம் ரேடியோ’). வந்த கோப்பைத் தேதி போட்டுச் சேமித்து, அதைத் தொடாமல் ஓரமாக வைத்துவிடுங்கள். அதன் நகலில்தான் மாற்றங்கள். இப்படிப் படித்து வரும் ‘இமேஜ்’ கோப்பில் சேனல் மட்டும் இருப்பதில்லை. செட்டின் பதிப்பு விவரமும் உள் அமைப்புகளும் சேர்ந்தே இருக்கும். பெயர் ஒன்றாக இருந்தும் உள்ளே வேறு பதிப்பாக இருக்கும் யுவி-5ஆர்கள் ஏராளம். நண்பரின் கோப்பை ஒரு தாவலிலும், உங்கள் செட்டிலிருந்து படித்ததை இன்னொரு தாவலிலும் திறந்து, சேனல் வரிகளை மட்டும் நகலெடுத்து ஒட்டுங்கள். பிறகு உங்கள் கோப்பையே ஏற்றுங்கள்.

கேள்வி: ஏற்றி முடிந்தது என்று மென்பொருள் சொல்கிறது. செட்டில் ஒரு சேனலும் காணோம்!

நீங்கள் சேனல் முறையில் அல்ல, எண்ணை நேராகத் தட்டும் அதிர்வெண் முறையில் இருக்கிறீர்கள். ஆரஞ்சு நிற ‘விஎஃப்ஓ/எம்ஆர்’ பொத்தானை அழுத்துங்கள். எண் வருகிறது, பெயர் வரவில்லை என்றால் மெனு 21, 22 இரண்டிலும் ‘நேம்’ வையுங்கள்; ஒன்று மேல்வரிக்கு, மற்றது கீழ்வரிக்கு.

கேள்வி: ரிப்பீட்டரில் (நம் சமிக்ஞையை வாங்கி வேறு அதிர்வெண்ணில் மறுபடி ஒலிபரப்பும் நிலையம்) மற்றவர்கள் பேசுவது தெளிவாகக் கேட்கிறது. நான் அழைத்தால் ரிப்பீட்டர் திறப்பதே இல்லை. டோன் 103.5 என்று சரியாகத்தான் போட்டிருக்கிறேன்.

டோன் என்பது ரிப்பீட்டரைத் திறக்கக் குரலோடு சேர்த்து அனுப்பும் மெல்லிய ஒலி; அதன் எண் ஹெர்ட்ஸில். அதை எந்தக் கட்டத்தில் போட்டீர்கள் என்பதுதான் கேள்வி. சிர்ப்பில் ‘டோன்’ என்றும் ‘டோன் ஸ்கெல்ச்’ என்றும் இரண்டு கட்டங்கள் உண்டு. இரண்டிலும் தொடக்கத்தில் 88.5 நிற்கும். ‘டோன் மோட்’ என்ற கட்டத்தில் ‘டோன்’ என்று வைத்தால் முதல் கட்டத்தின் எண் போகும். ‘டிஎஸ்க்யூஎல்’ என்று வைத்தால் இரண்டாவதன் எண். ஒரு கட்டத்தில் 103.5 எழுதிவிட்டு மோடை மற்றதற்கு வைத்தால், செட் அமைதியாக 88.5-ஐ அனுப்பிக்கொண்டிருக்கும். மோடை வைக்கவே மறந்தால் எந்த டோனும் போகாது.

ரிப்பீட்டருக்கு முதலில் ‘டோன்’ மோடே போதும். அது அனுப்பும்போது மட்டும் டோனைச் சேர்க்கும், கேட்பதைத் தடுக்காது. ‘டிஎஸ்க்யூஎல்’ வைத்தால், ரிப்பீட்டர் அதே டோனைத் திருப்பி அனுப்பினால்தான் உங்கள் ஒலிபெருக்கி திறக்கும். எல்லா ரிப்பீட்டரும் திருப்பி அனுப்புவதில்லை. ‘ஒன்றுமே கேட்கவில்லை’ என்ற புகாருக்கு இதுவே பாதிக் காரணம்.

அடுத்து விலகல், அதாவது கேட்கும் அதிர்வெண்ணுக்கும் அனுப்பும் அதிர்வெண்ணுக்கும் உள்ள வித்தியாசம். ‘ஃப்ரீக்வென்சி’ கட்டத்தில் எழுத வேண்டியது ரிப்பீட்டர் ஒலிபரப்பும் அதிர்வெண். அதாவது நீங்கள் கேட்பது. அது 145.700, விலகல் மைனஸ் 0.6 மெகாஹெர்ட்ஸ் என்றால், நீங்கள் அனுப்புவது 145.100. ‘டூப்ளெக்ஸ்’ கட்டத்தில் கழித்தல் குறி, ‘ஆஃப்செட்’ கட்டத்தில் 0.600000. 6.0 என்று எழுதினாலும் மென்பொருள் கேள்வி கேட்காது. சரிபார்க்க ஏற்றிய பிறகு செட்டில் நட்சத்திரப் பொத்தானைச் சட்டென்று தட்டுங்கள். கேட்பதும் அனுப்புவதும் இடம் மாறும். அதிர்வெண் காட்சியில் 145.100 தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, மறக்காமல் திரும்பத் தட்டுங்கள்.

டோனுக்குப் பதில் டிஜிட்டல் குறியீடு கேட்கும் ரிப்பீட்டர் என்றால் துருவமும் (நேரா, தலைகீழா என்பது) பொருந்த வேண்டும். 023 குறியீட்டைத் தலைகீழாக அனுப்பினால் எதிர்முனைக்கு அது 047.

கேள்வி: என் குரல் கரகரக்கிறது என்கிறார்கள். மைக் கோளாறா?

எல்லாச் சேனலிலுமா, ஒன்றில் மட்டுமா? ஒன்றில் மட்டும் என்றால் அதன் ‘மோட்’ கட்டத்தைப் பாருங்கள். ‘எஃப்எம்’ என்றால் குரலுக்கேற்ப அதிர்வெண் 5 கிலோஹெர்ட்ஸ் வரை அசையும் (அகலம்), ‘என்எஃப்எம்’ என்றால் 2.5 (குறுகல்). எதிர்முனை குறுகலாகவும் நீங்கள் அகலமாகவும் இருந்தால் குரல் உடையும். மாறி இருந்தால் குரல் சன்னமாகப் போகும்.

கேள்வி: சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டரைச் சாதாரணக் கைச்செட்டில் பிடிக்க முடியுமா? சேனலை எப்படி எழுதுவது?

முடியும். 2020 முதல் அங்கே குறுக்குப் பட்டை ரிப்பீட்டர் (ஒரு பட்டையில் வாங்கி வேறு பட்டையில் அனுப்புவது) உண்டு: மேலே அனுப்ப 145.990, டோன் 67.0, கீழே வருவது 437.800. இதற்கு ‘டூப்ளெக்ஸ்’ கட்டத்தில் ‘ஸ்ப்ளிட்’ வையுங்கள். அப்படி வைத்ததும் ‘ஆஃப்செட்’ கட்டத்தின் பொருளே மாறிவிடும். அதில் எழுத வேண்டியது வித்தியாசத்தை அல்ல, அனுப்பும் அதிர்வெண்ணையே. ஆகவே 145.990.

ஒரு சேனல் போதாது. நிலையம் உங்களை நோக்கி வரும்போது டாப்ளர் விளைவால் 437.800 கிட்டத்தட்ட 10 கிலோஹெர்ட்ஸ் வரை மேலே ஏறித் தெரியும். விலகிப் போகும்போது அதே அளவு இறங்கும். ஐந்து சேனல் எழுதுங்கள்: 437.810, 437.805, 437.800, 437.795, 437.790. ஐந்துக்கும் அனுப்புவது 145.990 மாறாமல் இருக்கட்டும். அந்தப் பட்டையில் டாப்ளர் மாற்றம் மூன்றரை கிலோஹெர்ட்ஸ் அளவுதான், செட் தாங்கிக்கொள்ளும். நிலையம் தலைக்கு மேல் கடக்கப் பத்து நிமிடம்தான். அடுத்தடுத்த எண்களில் வைத்தால் ஒவ்வொரு சேனலாகக் கீழே தட்டிக்கொண்டே வரலாம். இரைச்சலை அடைக்கும் ஸ்கெல்ச்சைச் சுழியத்தில் வையுங்கள். இரைச்சல் காதைக் குடையும், ஆனால் மெல்லிய குரல் தவறாது. கேட்பதற்கும் பேசுவதற்கும் உங்கள் நாட்டு விதி வேறு வேறாக இருக்கலாம். பேச அமெச்சூர் உரிமம் கட்டாயம். ரிப்பீட்டர் சில நாள் அணைந்தும் இருக்கும். கேட்கவில்லை என்றதும் செட்டைக் கழற்றிவிடாதீர்கள்.

கேள்வி: கேட்பதற்கு மட்டும் வைத்திருக்கும் சேனலில் தவறுதலாகப் பேச்சுப் பொத்தானை அழுத்திவிடுவேனோ என்று பயம்.

‘டூப்ளெக்ஸ்’ கட்டத்தில் ‘ஆஃப்’ என்று வையுங்கள். அந்தச் சேனலில் செட் அனுப்பாது. கைமாறும் செட்களில் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

கேள்வி: டிஎம்ஆர் (டிஜிட்டல் வகை) செட்டில் சேனல் எழுதி ஏற்றினேன். சமிக்ஞை அளவு ஏறுகிறது, ஒலி வரவில்லை. சில சேனல்கள் செட்டில் தெரியவும் இல்லை.

இரண்டும் தனித்தனிச் சிக்கல். தெரியாத சேனல்கள் எந்த ‘ஸோன்’-லும் (சேனல் தொகுப்பு) சேர்க்கப்படாதவை. டிஎம்ஆரின் கோட்பிளக்கில் (செட்டுக்கு ஏற்றும் அமைப்புக் கோப்பு) சேனல் எழுதினால் மட்டும் போதாது. ஸோனில் போட்டால்தான் குமிழில் வரும். ஒலி வராததற்கு மூன்றைப் பாருங்கள்: கலர் கோட் (0 முதல் 15 வரை, அனலாகில் டோன் செய்யும் வேலை), டைம் ஸ்லாட் 1 அல்லது 2 (ஒரே அதிர்வெண்ணை நேரத்தால் இரண்டாகப் பிரித்ததில் எந்தப் பங்கு), அந்தச் சேனலோடு இணைத்த ஆர்எக்ஸ் (கேட்கும்) குழுப் பட்டியலில் நீங்கள் கேட்க நினைக்கும் பேச்சுக் குழு இருக்கிறதா என்பது. மூன்றில் ஒன்று தவறினாலும் செட் சமிக்ஞையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கும். எது தவறு என்று பிடிக்க, குழு பார்க்காமல் ஒலிக்கவிடும் ‘டிஜிட்டல் மானிட்டர்’ வசதியை ஆன் செய்யுங்கள். அதில் ஒலி வந்தால் பெரும்பாலும் குழுப் பட்டியல்தான் குற்றவாளி.

எழுதும் வரிசை: தொடர்புகள் (பேச்சுக் குழுக்கள்), குழுப் பட்டியல், சேனல், ஸோன். தலைகீழாகப் போனால் பாதியில் நின்று திரும்ப வேண்டிவரும்.

கேள்வி: குவான்ஷெங் யுவி-கே5 செட்டில் வேறு ஃபர்ம்வேர் (செட்டை இயக்கும் உள் மென்பொருள்) போட ஆசை. செட் செத்துவிடுமா?

சாகடிப்பது கடினம். பேச்சுப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்தால் வெள்ளை விளக்கு எரியும். அதுதான் ஃபர்ம்வேர் ஏற்றும் நிலை. பாதியில் அறுந்தாலும் அந்த நிலைக்கு மறுபடி போய் ஏற்றலாம். உண்மையில் இழக்கக் கூடாதது அளவீட்டுத் தரவு, அதாவது செட்டின் சக்தியையும் சமிக்ஞை அளவையும் சரியாக வைக்கும் எண்கள். அது ஒவ்வொரு செட்டுக்கும் தனி. இன்னொரு செட்டுடையதைக் கடன் வாங்கினால் சக்தியும் சமிக்ஞை அளவும் பிசகும். ஃபர்ம்வேரைத் தொடும் முன் அந்தத் தரவு இருக்கும் நினைவகம் முழுவதையும் நகலெடுத்துவிடுங்கள். மாற்றிய பிறகு சிர்ப்பின் வழக்கமான மாடல் தேர்வு பொருந்தாமல் போகலாம். அந்த ஃபர்ம்வேரோடு வரும் தனி மாட்யூல் கோப்பை, டெவலப்பர் முறையை ஆன் செய்து ‘லோட் மாட்யூல்’ வழியாகச் சேர்க்க வேண்டும்.

கேள்வி: லினக்ஸில் சிர்ப் கேபிளின் போர்ட்டைத் திறக்கும்போது அனுமதி மறுப்பு என்று வருகிறது. ரூட் (முழு அதிகாரப் பயனர்) ஆகவே ஓட்டலாமா?

வேண்டாம். உங்கள் பயனர் பெயரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். உபுண்டு 22.04-இல் சிஎச்340 சில் கேபிள் செருகியதும் போர்ட் தோன்றி மறைகிறது என்றால் பிரெயில் திரைகளுக்கான ‘பிஆர்எல்டிடிஒய்’ சேவை அதைப் பிடித்துக்கொள்கிறது. பிரெயில் கருவி பயன்படுத்தாதவர் அந்தத் தொகுப்பை நீக்கிவிட்டுக் கேபிளை உருவிச் செருகினால் போர்ட் நிற்கும்.