தைராய்டு கட்டி: ஊசிப் பரிசோதனைக்கு அஞ்ச வேண்டுமா?

கேள்வி: ஏற்காடு மலையில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறேன். வயது 42. கழுத்தில் வலியில்லாத கட்டி ஒன்று இருக்கிறது. எச்சில் விழுங்கும்போது மேலும் கீழும் அசைகிறது. சேலத்தில் எடுத்த ஸ்கேனில் 1.8 செ.மீ., ‘டிராட்ஸ் 4’ என்று எழுதியிருக்கிறார்கள். ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 2.1. ஊசிப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார்கள். ஊசி குத்தினால் புற்றாகிப் பரவிவிடும் என்று என் மாமியார் அஞ்சுகிறார். ரத்தப் பரிசோதனை சரியாக இருப்பதால் அப்படியே விட்டுவிடலாமா, அல்லது நேராக அறுவை செய்துவிடலாமா?

பதில்: சகோதரி, இரண்டும் வேண்டாம். உங்களுக்குச் சொல்லப்பட்ட ஊசிப் பரிசோதனையைத்தான் இப்போது செய்துகொள்ள வேண்டும்.

டி.எஸ்.எச். அளவு, தைராய்டு சுரப்பி எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டுமே தவிர, அதனுள் வளர்ந்திருக்கும் கட்டி எத்தகையது என்பதைக் காட்டாது; தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கும் அது இயல்பாகவே இருக்கும். அந்த அளவு குறைந்திருந்தால், கட்டியே ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கிறதா என்று அறியக் கதிரியக்க ஸ்கேன் எடுப்போம். உங்களுக்கு அது தேவையில்லை.

‘டிராட்ஸ் 4’ என்பதைப் புற்றுநோயின் நான்காம் நிலை என்று எண்ணிக் கலங்க வேண்டாம். கட்டியின் ஓரம் ஒழுங்காக உள்ளதா, உள்ளே நீரா திசுவா, நுண்ணிய சுண்ணாம்புப் படிவுகள் தெரிகின்றனவா, அகலத்தைவிட உயரம் மிகுதியா என்றெல்லாம் பார்த்து, ஐயத்தின் அளவை 1 முதல் 5 வரை குறிக்கும் எண் அது. நான்கில் இருக்கும் கட்டி 1.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் ஊசிப் பரிசோதனை செய்வது முறை. தைராய்டு கட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை புற்றல்ல என்பதையும் மாமியாரிடம் சொல்லுங்கள்.

ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லிய ஊசியால், ஸ்கேனில் பார்த்தபடியே, சில செல்களை உறிஞ்சி எடுப்பார்கள். சாதாரணக் கட்டியை ஊசி புற்றாக மாற்றாது. புற்றாகவே இருந்தாலும் ஊசித் தடத்தில் பரவுவது மிக மிக அரிது. அன்றே மலைக்குத் திரும்பிவிடலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவரானால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள்.

முடிவை ‘பெத்தெஸ்டா’ முறையில் ஆறு வகைகளாக எழுதுவார்கள். முதல் வகை என்றால் செல்கள் போதவில்லை, மீண்டும் எடுக்க வேண்டும். இரண்டாம் வகை என்றால் புற்றல்ல. அறுவையோ மாத்திரையோ இன்றி, ஓராண்டு கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும். மூன்றும் நான்கும் ஊசியால் மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாதவை; மறுபரிசோதனையோ, சுரப்பியின் ஒரு பாதியை மட்டும் நீக்கும் அறுவையோ தேவைப்படலாம். ஐந்தும் ஆறும் பெரும்பாலும் அறுவைக்குரியவை. அவற்றிலும் பெரும்பான்மையானது மெதுவாக வளரும், நன்கு குணப்படுத்தக்கூடிய ‘பாப்பில்லரி’ என்ற புற்று வகையே.

தேவையின்றிச் சுரப்பி முழுவதையும் எடுத்துவிட்டால், வாழ்நாள் முழுதும் தைராய்டு ஹார்மோனை ஈடுசெய்யும் தைராக்சின் மாத்திரை விழுங்க வேண்டியிருக்கும். அதுவும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். காப்பியோடு சேர்த்தால் மருந்து சரியாக உடலில் சேராது. விடியற்காலைக் காப்பியை அரைமணி முதல் ஒருமணி நேரம் தள்ளிப்போட வேண்டும். குரல் நரம்பும், கால்சியத்தைச் சீராக வைக்கும் பாராதைராய்டு சுரப்பிகளும் ஒட்டியே இருப்பதால், அவற்றுக்கும் சிறிதளவு ஆபத்து உண்டு. இவற்றை எண்ணித்தான் ஊசிப் பரிசோதனையை முதலில் செய்யச் சொல்கிறேன்.

இதற்கிடையே குரல் கம்மினாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டாலோ, கட்டி சில வாரங்களில் வேகமாகப் பெருத்தாலோ, குறித்த நாளுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். வரும்போது பழைய ஸ்கேன் படங்களையும் கொண்டு வாருங்கள்.