நான்காண்டா, ஐந்தாண்டா? கல்விக் கடனோடு படிக்கும் மகனுக்கு எது சரி?

கேள்வி: என் மகன் ஐ.ஐ.டி. மெட்ராஸில் சிவில் இன்ஜினீயரிங் படிக்கிறான். இரண்டாம் ஆண்டு முடியப்போகிறது. நான்காண்டு பி.டெக். படிப்பை ஐந்தாண்டு ட்யூயல் டிகிரியாக மாற்றிக்கொண்டு, டேட்டா சயின்ஸில் எம்.டெக்.கும் வாங்கிவிடலாம் என்கிறான். ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் கல்விக் கடன் வாங்குகிறோம், வட்டி 9%. இதுவரை ஒரு ரூபாய்கூடத் திருப்பிக் கட்டவில்லை. கணவர் சம்பளத்தில் வீட்டுக் கடன், வீட்டுச் செலவு, மகனுக்கு அனுப்புவது எல்லாம் போக மாதம் 10,000 ரூபாய் மிஞ்சும். ஐந்தாம் ஆண்டை எங்களால் தாங்க முடியுமா? என் நகையை அடகு வைத்துக் கல்விக் கடனை இப்போதே அடைத்துவிடலாமா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: நகையை முதலில் பீரோவில் திரும்ப வையுங்கள் அம்மா. நகைக் கடன் பெரும்பாலும் ஓராண்டுக்குள் முடிக்க வேண்டியது. கல்விக் கடனோ படிப்புக் காலம் முடிந்து ஓராண்டு வரை தவணை கேட்காது. அதன் பிறகு 15 ஆண்டுகள் வரைகூடத் தவணை கிடைக்கும். நிதானமான கடனை அடைக்க அவசரக் கடனை வாங்கினால், கெடு தவறும்போது நகை ஏலத்துக்குப் போகும். வரியிலும் நஷ்டம்தான். உங்கள் கணவர் பழைய வரி முறையில் இருந்து, அவரே கட்டினால், கல்விக் கடனுக்குக் கட்டும் வட்டி முழுவதையும் வருமானத்திலிருந்து கழிக்கலாம், உச்சவரம்பு கிடையாது. கட்டத் தொடங்கிய ஆண்டிலிருந்து எட்டு ஆண்டுகளுக்கு இந்தச் சலுகை உண்டு. நகைக் கடன் வட்டிக்கு இது கிடையாது. புதிய வரி முறையில் இருந்தால் இரண்டுக்குமே கிடையாது.

சரி, ஐந்தாம் ஆண்டுக்கு வருவோம். எல்லோரும் அந்த ஓராண்டுக் கட்டணத்தை மட்டும் கூட்டிப் பார்க்கிறார்கள். ஏற்கெனவே வாங்கிய கடனும் அந்த ஓராண்டு சும்மா இருக்காது.

நான்காண்டில் முடித்தால் அசல் 8 லட்சம். படிப்புக் காலத்திலும் அதற்கடுத்த ஓராண்டிலும் தனி வட்டிதான். ஒவ்வொரு 2 லட்சத்துக்கும் ஆண்டுக்கு 18,000 ரூபாய். எதுவுமே கட்டாமல் விட்டால், தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் 2,52,000, மொத்தம் 10,52,000. ஐந்தாண்டு படித்து, கடைசி ஆண்டுக்கும் 2 லட்சம் கடன் வாங்கினால் அசல் 10 லட்சம், வட்டி 3,60,000; மொத்தம் 13,60,000. பத்தாண்டுத் தவணை என்று வைத்தால், முதலாவதற்கு மாதம் சுமார் 13,300 ரூபாய். இரண்டாவதற்கு சுமார் 17,200. ஆக, கூடுதல் சுமை 3 லட்சத்துக்கு மேல். அதோடு தம்பி ஓராண்டு தாமதமாகச் சம்பாதிக்கத் தொடங்குவார். அந்தச் சம்பளத்தையும் செலவுக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

இதில் ஓரளவு ஈடு கிடைக்கவும் வழி இருக்கிறது. எம்.டெக். மாணவர்களுக்கு உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். ட்யூயல் டிகிரியின் கடைசி ஆண்டில் அது தனக்குக் கிடைக்குமா, எந்த சி.ஜி.பி.ஏ. (எல்லாப் பருவங்களுக்கும் சேர்த்த சராசரி மதிப்பெண்) தேவை, எத்தனை மாதங்களுக்கு என்று தம்பியை டீன் அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு மாதமும் கிடைத்தால் 1,48,800 ரூபாய். கூடுதல் சுமையில் ஏறத்தாழ பாதி.

உங்களால் தாங்க முடியும் என்றே நினைக்கிறேன், ஒரு நிபந்தனையோடு: வட்டியை இந்த மாதமே கட்டத் தொடங்க வேண்டும். ஏறியிருக்கும் வட்டி 54,000 இருக்கும். அதைக் கைக்கு வரும்போது கட்டுங்கள். மூன்றாம் ஆண்டில் கடன் 6 லட்சமாகும், மாத வட்டி 4,500. நான்காம் ஆண்டில் 6,000. உங்கள் பத்தாயிரத்தில் மீதியைத் தொடர் வைப்பில் போட்டால், இரண்டு ஆண்டில் 1,14,000 ரூபாயும் அதற்கான வட்டியும் சேரும். ஐந்தாம் ஆண்டுக் கடன் பாதியாகக் குறையும். படிக்கும்போதே வட்டி கட்டுவோருக்கு வட்டி விகிதத்தில் 1% வரை குறைக்கும் வங்கிகள் உண்டு. உங்கள் கிளையிலும் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் பணம் தாங்கும் என்பதாலேயே மாறிவிட வேண்டியதில்லை. சிவில் பிடிக்கவில்லை, தப்பித்தால் போதும் என்று தம்பி நினைக்கிறாரா, அல்லது டேட்டா சயின்ஸில் ஓராண்டு ஆய்வுத் திட்டம் செய்யும் ஆர்வம் உண்மையிலேயே இருக்கிறதா? வெள்ளத்தைக் கணிப்பது, போக்குவரத்தை ஆராய்வது என்று சிவிலுக்குள்ளேயே தரவு வேலை நிறைய இருக்கிறது. எந்தப் பேராசிரியரின் கீழ், எதைப் பற்றிச் செய்ய விருப்பம் என்று அவரால் சொல்ல முடிந்தால் அந்த மூன்று லட்சம் வீண் போகாது. வெறும் தப்பித்தல் என்றால், நான்கு ஆண்டுக்குள்ளேயே விருப்பப் பாடங்களாக டேட்டா சயின்ஸில் மைனர், அதாவது துணைப் பாடப்பிரிவு, எடுக்கலாம். ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டெல். பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். தேர்வு எழுதினால்தான் கட்டணம். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வு எழுதி, பிறகு உதவித்தொகையோடு இரண்டாண்டு எம்.டெக். சேரும் வழியும் திறந்தே இருக்கிறது. சி.ஜி.பி.ஏ. குறைந்துவிட்டது, இன்னொரு பிளேஸ்மென்ட் சீசன் கிடைக்குமே என்பதற்காக ஐந்தாம் ஆண்டு போவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

விடுதிச் செலவில் ரொம்பப் பிடிக்க வேண்டாம். கிளப், போட்டி, ரோபோ செய்வது எல்லாம் அங்கே படிப்பின் பாதி. அதற்கும் சேர்த்து மாதம் ஒரே தொகையாக அனுப்புங்கள். கடன் செயலிகளை மட்டும் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். சில ஆயிரம் ரூபாய்த் தவணை தவறினாலும் அவருடைய சிபில் மதிப்பெண் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்) அடிவாங்கும். அதேபோல் கல்விக் கடன் தவணை தவறினால், கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்ட உங்கள் கணவரின் மதிப்பெண்ணும் சேர்ந்து இறங்கும்.

தம்பி மாறுவது என்று முடிவெடுத்தால், கல்லூரியின் அனுமதிக் கடிதம் வந்த வாரமே வங்கிக்குப் போங்கள். உங்கள் கடன் நான்காண்டுப் படிப்புக்கு என்றுதான் அனுமதிக்கப்பட்டிருக்கும். சொல்லாமல் விட்டால் அவர்கள் கணக்குப்படி, படிப்புக்குப் பின் தவணை கேட்காத அந்த ஓராண்டு அவகாசம் ஐந்தாம் ஆண்டோடு தீர்ந்துவிடும். தம்பி பட்டம் வாங்கிய கையோடு, வேலையில் சேரும் முன்பே முதல் தவணை வந்து நிற்கும். படிப்புக் காலத்தை நீட்டித்ததையும், தவணை தொடங்கும் புதிய தேதியையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.