எர்த் ஒயரைக் கழற்றிவிட்டால் ஆம்ப்ளிபயரில் வரும் இரைச்சல் நிற்குமா?

பல நேரம் நிற்கும். நானும் கழற்றினேன், நின்றது. ஆனாலும் தயவுசெய்து கழற்றாதீர்கள்.

உங்கள் வீட்டிலும் கேபிள் டிவி பாக்ஸிலிருந்து ஆம்ப்ளிபயருக்கு ஒயர் போகிறது, தெரிந்தவர் யாரோ "மூணாவது பின்னை விட்டுடுங்க" என்று சொல்லியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்கு அப்படித்தான் ஆரம்பித்தது.

எங்களுக்குக் கோவையை அடுத்த சோமனூர் பக்கம். சுற்றிலும் விசைத்தறிக் குடோன். ராத்திரி மெல்லிசாகப் பாட்டு வைத்தால் அடியில் 'ங்ங்' என்று ஓடிக்கொண்டே இருக்கும். எர்த் சரியில்லை என்று முடிவுகட்டி, கொல்லையில் நானே குழி எடுத்தேன். நாலடிக்குக் கீழே சுக்கான்கல், கடப்பாரை எகிறியது. அந்த ஆழத்திலேயே ஜிஐ பைப்பை இறக்கி, கரியும் உப்பும் போட்டு, ஆம்ப்ளிபயருக்கு மட்டும் தனி எர்த் கொடுத்தேன். இரைச்சல் கூடியது. மீட்டரை வைத்தால் புது எர்த்துக்கும் பிளக் பாயின்ட் எர்த்துக்கும் நடுவில் 6 வோல்ட். தறி நின்ற நேரத்தில் 1 வோல்ட்டுக்கும் கீழே. ஏன் என்று அன்றைக்குப் புரியவில்லை.

அப்புறம் அதே எர்த்துக்குக் கனமான செம்பு ஒயர் இழுத்தேன். பாட்டு தெளிவாகிவிட்டது என்று மச்சான் சொன்னார், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அக்கா மகனை அடுத்த அறையில் உட்கார வைத்து, சொல்லாமல் பழைய ஒயரையும் புதிய ஒயரையும் மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொன்னேன். பத்துத் தடவையில் நான் சரியாகச் சொன்னது ஐந்து, குத்துமதிப்பாகச் சொன்னாலும் அவ்வளவுதான் வரும். உங்கள் காது சரியில்லை என்று யாராவது எழுதுவீர்கள். எழுதுங்கள், ஆனால் இப்படி ஒரு தடவை சோதித்துவிட்டு எழுதுங்கள்.

கடைசியாகத்தான் எர்த்தையே கழற்றினேன். மூன்று மாதம் நிம்மதி. ஆயுத பூஜைக்கு முதல் நாள் அம்மா பின்பக்க ஆடியோ ஒயர்களைப் பிடுங்கி வைத்துவிட்டு, ஈரத்துணியால் ஆம்ப்ளிபயரைத் துடைத்தார்கள். ஆம்ப்ளிபயர் ஆப்தான். ஆனால் சுவர் சுவிட்ச் ஆன். கரண்ட் ஒயர் உள்ளே நுழைகிற ஓட்டையில் ரப்பர் வளையம் உதிர்ந்து, தகரம் ஒயரை அறுத்திருந்தது. தூக்கிப் போட்டதில் பின்னால் இருந்த கட்டிலில் விழுந்தார்கள். அன்று முழுக்க வலது கை மரத்துப் போயிருந்தது. ஒழுங்கான எர்த் இருந்திருந்தால் பியூஸ் போயிருக்கும், அவ்வளவுதான்.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் பிளக் பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இது எர்த்தே இல்லீங், நியூட்ரலு" என்றார். வீடு கட்டியவர் எர்த் ஒயரே இழுக்காமல், நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு எடுத்து எர்த் பின்னில் முடுக்கிவிட்டிருந்தார். வீட்டுக்கு வரும் நியூட்ரல் எங்காவது அறுந்தால் பிரிட்ஜ், கிரைண்டர் எல்லாவற்றின் உடம்பிலும் 230 வோல்ட் வரை நிற்கலாம். தறி ஓடும்போது நியூட்ரலில் கரண்ட் கூடும், தறிக்கு ஏற்ப வோல்ட் ஏறி இறங்கியதும் இதனால்தான். அதே ஆள் போட்ட குளியலறைத் தரையில் இன்றைக்கும் தண்ணீர் வடிகால் பக்கம் போகாமல் வாசல்படிக்கு வருகிறது. பணத்தை மட்டும் ஒரு நாள் பிந்தாமல் எண்ணி வாங்கினார்.

ஒழுங்கான எர்த்தும், கரண்ட் கசிந்தால் உடனே தானாக அணைக்கும் சுவிட்சான 30 மில்லியாம்ப் ஆர்சிசிபியும் போட்டோம். இரைச்சல் குறைந்தது, நிற்கவில்லை. ஒரு நாள் தற்செயலாக பாக்ஸிலிருந்து கேபிள் டிவி ஒயரைக் கழற்றினேன். அந்த நொடியே அமைதி. அந்த ஒயரின் மேல்வலை, அதாவது உறைக்கு அடியில் சுற்றியிருக்கும் கம்பிவலை, தெருக்கம்பத்துப் பக்கம் எங்கோ எர்த் ஆகியிருக்கிறது, ஆம்ப்ளிபயர் இங்கே எர்த் ஆகியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் சுற்றுகிற கரண்ட்தான் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். இப்போது பாக்ஸுக்கும் ஆம்ப்ளிபயருக்கும் நடுவில் ஒன்றுக்கு ஒன்று ஆடியோ டிரான்ஸ்பார்மர் இருக்கிறது; ஒயர் நேராகச் சேராமல் பாட்டை மட்டும் அந்தப் பக்கம் கடத்தும். எர்த்தில் கை வைக்க வேண்டிய வேலையே இல்லை.

நான் தறிக்காரன், எலக்ட்ரிகல் படித்தவன் இல்லை. இன்ஜினியர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்கிறேன். நீங்கள் முதலில் கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் உள்ளே வரும் ஆடியோ ஒயர்கள் அத்தனையையும் பிடுங்குங்கள். அதற்கும் இரைந்தால் கோளாறு ஆம்ப்ளிபயருக்குள்ளேதான், பெரும்பாலும் உள்ளே கரண்டைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டராக இருக்கும். திறப்பதற்கு முன்னால் பிளக்கையே பிடுங்கி வையுங்கள், சுவிட்சை நம்பாதீர்கள்.